அழகியநம்பியின் அகல டயர்

அழகியநம்பி என்று பேர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரிந்துவிடும்? பூதப்பாண்டிப் பக்கத்துக் குடும்பம். மலையாளக் கரையில் வலியசாலைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடையில் கணக்கராகச் சேர்ந்து, சேர்ந்த நாற்காலியிலேயே தலை நரைத்துப்போன மனிதர். கடைக்குள் முதலாளி இருமினால் எழுந்து நிற்பார். கடைப்படியை விட்டுக் கால் கீழே பட்டதும் அவருக்கு உலகத்தில் தெரியாத சங்கதி ஒன்றும் இருக்காது.

வீட்டுக்குப் பிளம்பர் வந்தால், பைப் மாட்டுவது எப்படி என்று பிளம்பருக்குச் சொல்லிக்கொடுப்பார். பிளம்பர் போன பிறகு தண்ணீர் ஒழுகும். அது பிளம்பரின் குற்றம். டாக்டரிடம் போனால் நோயின் பேரையும் மருந்தின் பேரையும் இவரே சொல்லிவிட்டு, டாக்டர் எழுதித் தந்ததைத் திரும்ப வரும் வழியெல்லாம் திட்டுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் சாம்பாரில் பெருங்காயம் போதாது என்பார். அந்தச் சாம்பாரையே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இவருக்கு வாழ்க்கைப்பட்ட பொன்னம்மைக்கு ஆரம்பத்தில் பிரமிப்பு இருந்தது. பிறகு பயம் வந்தது. பயம் போய்ச் சிரிப்பு வந்தது. இப்போது மிச்சமிருப்பது இளக்காரம் மட்டும்தான். அதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். தோசையைத் திருப்பிப் போடும்போது சட்டுவத்தில் காட்டிவிடுவாள். அவர் அதைப் பசி வேகம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தோசை கேட்பார்.

வீட்டில் ஒரு கார் உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாத, பழைய, சின்னக் கார். அது அழகியநம்பியின் பேரில் இருந்தது. ஓட்டியது பெரும்பாலும் பொன்னம்மை. நாற்பது தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல்லாரும் சிரிக்கச் சிரிக்கப் படித்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் அவள். கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வருவார். காரைப் பற்றி அவர் செய்யும் ஒரே காரியம், கிளம்புமுன் ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் ஓர் உதை உதைத்துத் தலையை ஆட்டுவது. காற்று பார்க்கிறாராம். அந்த உதையில் என்ன தெரிந்ததோ, பத்மநாபசாமிக்குத்தான் வெளிச்சம்.

பொன்னம்மைக்கு வேலை கரமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். டெக்னீஷியன். நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்கு அதிகாலையில் போய் ரத்தம் எடுத்து வருவாள். பஸ்ஸில், ஆட்டோவில், மழையில் குடையோடு, எங்கே போகச் சொன்னாலும் போய்வருகிற ஆள். அப்படி இருந்தவளை ஒருநாள் மேனேஜர் ரெனி கூப்பிட்டு உட்கார வைத்தாள். ரெனி பாறசாலைக்காரி. வயதில் சின்னவள், வேலையில் கெட்டி.

"பொன்னம்மக்கா, கழக்கூட்டத்துல பிளாட்டுகாரங்க வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுக்கணும்னு கேக்குறாங்க. அடுத்த மாசம் தொடங்குறோம். சார்ஜ் நீங்க எடுங்க. ஒங்களுக்குக் கீழ ஆள் உண்டு. ஆனா கார் வேணும் கேட்டோ. ஐஸ் பெட்டி, டியூபு எல்லாத்தையும் தூக்கிட்டு ஸ்கூட்டர்ல ஓட முடியாது. நீங்க ஓட்டுவீங்கல்லே?"

"ஓட்டுவேன்" என்றாள் பொன்னம்மை. இத்தனை வருஷத்தில் "நீ போ" என்று சொன்னவர்கள்தான் உண்டு. "நீங்க எடுங்க" என்று ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்த வேலை கைவிட்டுப் போனால் இன்னொன்று வராது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் வயதுக்கு யார் கூப்பிட்டுத் தருவார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் சகலை வந்தார்.

ஹரிகுமார், பொன்னம்மையின் தங்கை புருஷன். நாகர்கோவிலில் டைல்ஸ் கடை. புதிதாக வாங்கிய, லாரிக்குத் தம்பி மாதிரியான வண்டியை வலியசாலைச் சந்துக்குள் கொண்டுவந்து, தெருவையே அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கியவர் பக்கத்தில் நின்ற சின்னக் காரை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. காலுதான் சூம்பிப் போயிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அழகியநம்பியும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி மூஞ்சியில் பில்லை விட்டெறிந்தபோதுகூட வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்த மனிதர், சகலை காரின் காலைச் சொன்னதற்குப் பட்டினி கிடந்தார். என்ன சொல்ல!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். திரும்பி வந்தபோது நான்கு சக்கரமும் புதிது. மின்னுகிற அலாய் வீல், அதன்மேல் தடித்த அகல டயர். மட்கார்டுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. ஒல்லிப் பையன் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது போல இருந்தது கார்.

"இனி ரோட்ட அப்பிடியே கவ்விப் பிடிக்கும் கேட்டியா" என்றார். "அகலம் கூடினா கிரிப்பு கூடும். காத்தும் கொறச்சு வச்சாப் போதும். மெத்த போல இருக்கும்."

"இதுக்கு முன்ன என்ன, ரோட்ட விட்டுப் பறந்துகிட்டா இருந்திச்சு?" என்று கேட்டாள் பொன்னம்மை.

"ஒனக்கு இதெல்லாம் தெரியாதுட்டி."

மறுநாள் காலை சந்திலிருந்து காரை வெளியே எடுக்க உட்கார்ந்தவளுக்கு ஸ்டீயரிங் அசையவில்லை. ஏதோ பூட்டு விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்த பிறகு கொஞ்சம் வந்தது. கெட்டியாக அரைத்த உளுந்து மாவுக்குள் கைவிட்டுச் சுற்றுவது போல இருந்தது. முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே எதிலோ உரசிக் கரகரவென்று கத்தியது. ரோட்டுக்கு வந்தால் இன்னொரு கூத்து. பஸ்கள் ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் சக்கரம் பட்டால், அவள் பிடிக்கிற பக்கம் போகாமல் தடம் போகிற பக்கம் கார் தன்னிஷ்டத்துக்குப் போனது. மழைத் தண்ணீர் கட்டிக் கிடந்த இடத்தில் ஒரு நொடி முன்பக்கம் மிதந்து, கையில் ஸ்டீயரிங் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. சோறு தின்கிற கையால்தானே ஓட்டுகிறோம், ஒரே நாளில் இதற்கு என்ன வந்தது என்று அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டாள்.

புது வேலைக்கு வழி பழக வேண்டும் என்று ஒரு விடுமுறை நாளில் அவரையும் ஏற்றிக்கொண்டு கழக்கூட்டம் போனாள். ஒரு பிளாட்டின் அடித்தளப் பார்க்கிங். இடுக்கான திருப்பம், நடுவில் தூண். அவள் திருப்பினாள். கை திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பவில்லை. பம்பர் தூணில் கீறிக்கொண்டு போனது. வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. சகலையை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, தங்கையும் கேட்கும்படியாக அழகியநம்பி குற்றப்பத்திரிகை வாசித்தார்.

"டயர் மாத்தினதுக்குப் பொறவு வண்டிக்கு ஆயுசு கூடிப்போச்சு. ஓட்டுற கைக்குத்தான் வலு போச்சு. வயசாகுதுல்லா? பெண்ணுங்களுக்கு உள்ள சோலி இல்லட்டி இது."

சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முதல் ஓட்டியது அவர்தான். போனில் ஹரிகுமார் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பொன்னம்மை அதை நம்பினாள். பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது இதற்காகத்தான். இந்த ஆள் சொன்ன எதையும் நம்பாதவள், தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பினாள். மறுநாள் வேலைக்குப் போனதும் ரப்பர் குழாயைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், இரும்புச்சத்து என்று இருக்கிற சோதனையெல்லாம் போட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்குக்கூட இப்படி வராது என்று மெஷின் அடித்துத் தந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். கைக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் கையால் முடியவில்லை என்றால் அதற்கு மருந்து ஏது?

கூட வேலை செய்யும் வினீத்தும் அந்தக் கழக்கூட்டம் வேலைக்கு ஒத்த ஆள்தான். அவனிடமும் இவர்களுடையது மாதிரியே ஒரு சின்னக் கார், ஏறக்குறைய அதே வயது. அவன் பந்து விளையாடிக் காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

"சேச்சி, ஒண்ணு என் வண்டிய எடுக்குமோ? பேட்டையில ஒரு வீட்டுல சாம்பிள் எடுக்கணும். கால ஊன முடியல."

பொன்னம்மைக்கு முடியாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல வெட்கப்பட்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பழக்கதோஷத்தில் பலமாகப் பிடித்து இழுத்தாள். கார் வெடுக்கென்று திரும்பி மதில் பக்கம் போனது.

"பைய, சேச்சி, பைய!" என்று கத்தினான் வினீத்.

பையத்தான் அதற்குப் பிறகு ஓட்டினாள். இரண்டு விரல் போதுமாக இருந்தது. பேட்டையில் ஒரு காரும் ஒரு ஆட்டோவும் நிற்கிற இடுக்கில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். இறங்கி, புடவையை ஒதுக்கிக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை சரியாகப் பொருந்தியது. அன்று வீட்டுக்கு வந்து, உள்ளே போகுமுன் தங்கள் காரின் டயரிலும் கையை வைத்தாள். கைக்கு வெளியே இன்னும் அரைக் கை மிச்சம் இருந்தது. அத்தனையும் தரையில் படிந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காற்று வேறு குறைவு. அதைத்தான் தினமும் இந்தக் கையால் தேய்த்துத் திருப்பியிருக்கிறாள்.

"கையில ஒண்ணும் இல்ல. டயருதான் கனக்குது" என்று அவரிடம் சொன்னாள். "பழசையே மாட்டுங்கோ."

அழகியநம்பி பேப்பரைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார். "கம்பெனிக்காரன் லாபம் பாக்க மெலிஞ்ச டயரப் போட்டு விட்டான். அதப் போய் பெரிய காரியம்னு சொல்லுத. நானும் அதே வண்டியத்தானே ஓட்டுதேன்? எனக்கு ஒரு கனமும் இல்லியே. பஞ்சு போல இருக்கு."

அந்தப் பஞ்சில் அவள் மறுபடியும் கொஞ்சம் தடுமாறினாள். ஆண்பிள்ளைக் கை, பலம் கூடுதலாக இருக்கலாம். நமக்குத்தான் இந்த டயர் சேரவில்லை போல.

இரண்டு நாள் கழித்து ரெனி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். முகத்தில் சங்கடம்.

"அக்கா, நீங்களே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒங்க வீட்டுக்காரர் போன் போட்டு விளிச்சாரு. கைக்குச் சுகமில்ல, வண்டி ஓட்ட முடியாது, வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னாரு. நான் வினீத்துக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

பொன்னம்மையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் எழுதுகிற மாதிரி அவள் வேலைக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

"எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் தா மக்கா" என்று மட்டும் கேட்டாள். ரெனி தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. போட்டால் இன்னொரு பிரசங்கம்தான் கிடைக்கும். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலை நேமத்தில் ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனாள். வேதமாணிக்கம் ஆசான், சுளுக்கும் பிடிப்பும் எண்ணெய் போட்டுத் தடவுகிறவர். அவருக்கே சர்க்கரை. கையை நீட்டிக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் மேலே பார்த்தபடி பேச்சுக் கொடுத்தார்.

"வலியசாலையா வீடு? அழகியநம்பிக்க வீட்டுக்காரியா நீங்க? ஒங்க சோலியப் பத்தி அவரு சொல்லியிருக்காரு. அவருக்க தோளு இப்பம் எப்பிடி இருக்கு?"

"எந்தத் தோளு?"

"வலத்தே தோளு. ஞாயித்துக்கெழம தோறும் வாராருல்லா. வண்டிய வலிச்சு இழுத்து நீரு இறங்கி வீங்கியிருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன், அந்த தடி டயர மாத்தும் வே, இல்லேண்ணா கை தூக்க முடியாமப் போவும்னு. கேக்கலியே. வீட்டுல சொல்லண்டாம்னு..." ஆசான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, சொல்லிப் போட்டனே."

பொன்னம்மையின் ஊசி நரம்பில் சரியாக இறங்கியது. டியூபில் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றுக்கால் கோயிலுக்கு என்று கிளம்பிப் போனது இங்கேதான். சட்டையில் எண்ணெய் வாடை அடித்தபோது, வழியில் கடைக்கும் போனேன், புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது என்று சொன்னதும் இதை மறைக்கத்தான். ஹார்டுவேர் கடையில் எண்ணெய் இல்லாமலா என்று அவளும் இருந்துவிட்டாள்.

வழியெல்லாம் அவளுக்குக் கொதித்துக்கொண்டே வந்தது. டயர் அவளுக்குக் கனத்தது, அவருக்கும் கனத்தது. அவருக்குத் தோளே போயிற்று. அது தெரிந்துகொண்டே அவளைப் பார்த்து வலு போச்சு என்றார். பஞ்சு போல இருக்கிறது என்றார். தெரிந்துகொண்டே போன் போட்டு அவள் வேலையைப் பறித்தார். முட்டாள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். முட்டாளாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். சகலை முன்னால் தோற்கக் கூடாது என்பதற்காகப் பெண்டாட்டியைத் தோற்கவைத்த ஆள் இது. சவம், இதையா இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்தோம்!

ஞாயிற்றுக்கிழமை ஹரிகுமாரும் தங்கையும் வந்தார்கள். கல்லாற்றுக்குப் போய்க் குளிக்கலாம் என்று பேச்சு.

"என் வண்டி இங்க நிக்கட்டும். அண்ணாச்சிக்கப் புது டயருல ஒரு ரவுண்டு போயிப் பாப்போம்" என்றார் ஹரிகுமார்.

அழகியநம்பிக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி. நான்கு டயரையும் வரிசையாக உதைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் சகலை. பின்னால் அக்காளும் தங்கையும். நெடுமங்காடு தாண்டும்வரை கிரிப்பு, கிரிப்பு என்று ஒரே பாட்டு. விதுரை தாண்டியதும் மழை பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது தோளைத் தூக்கிப் பல்லைக் கடிப்பது பின்சீட்டிலிருந்த பொன்னம்மைக்குக் கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது.

இடது பக்கமாக வளைகிற ஓர் இடத்தில் மேட்டிலிருந்து தண்ணீர் ரோட்டின் குறுக்கே வழிந்துகொண்டிருந்தது. அவர் திருப்பினார். பாதித் திருப்பலில் தோள் ஒத்துழைக்கவில்லை. அகல டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு இறங்காமல் அதன்மேல் ஏறி வழுக்கியது. கார் வளைவை மறந்துவிட்டு நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போனது. எதிரே பஸ். தங்கை ஓவென்று அலறினாள். பஸ் டிரைவர் மரத்தோடு ஒட்டி ஒடித்து நிறுத்தியதால் எல்லாருக்கும் உயிர் மிஞ்சியது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சாகுறதுக்கு வேறே ஸ்தலம் கண்டில்லே, எடோ?"

கல்லாற்றில் ஒரு சாயாக் கடையில் போய் உட்கார்ந்தபோது யாருக்கும் குளிக்கிற ஆசை இல்லை. பாதிச் சாயா உள்ளே போன பிறகு ஹரிகுமாருக்குப் பேச்சு வந்தது.

"எப்பிடியோ டயரு பிடிச்சு நின்னுச்சு அண்ணாச்சி. பழைய சூம்பக் காலா இருந்தா இன்னைக்கு ஆத்துக்குள்ளதான்."

அழகியநம்பியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதான் நான் சொல்லுதேன்லா. டயருதான் காப்பாத்திச்சு." சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ ஓட்டியிருந்தா இந்நேரம் நாம எல்லாரும் போட்டோவுல மாலையோட இருப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். சகலையும் சிரித்தார்.

பொன்னம்மை கிளாஸைக் கீழே வைத்தாள்.

"டயரு பிடிக்கல்ல. பஸ்ஸுகாரன் பிடிச்சான். ஒங்களுக்க தோளு தூக்க முடியல்ல, அதனால வண்டி திரும்பல்ல. வேதமாணிக்கம் ஆசான் ஒங்ககிட்ட டயர மாத்தச் சொன்னாரா இல்லியா?"

கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஹரிகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த ஆசான்?" என்றார் அழகியநம்பி.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குன்னு போயி எண்ணெ தேச்சுக்கிட்டு வாறியளே, அந்த ஆசான். ஒங்களுக்கும் கனக்குதுன்னு தெரிஞ்சுகிட்டுத்தானே எனக்கக் கைக்கு வலு இல்லன்னு சொன்னியோ? ரெனிக்கிட்ட போன் போட்டு எனக்குச் சோலி வேண்டாம்னு சொன்னியோ?"

"ஏட்டி, ஆளுங்க முன்ன வச்சு..."

"ஆளுங்க முன்ன வச்சுத்தானே ஸ்பீக்கரப் போட்டு எனக்கக் கையக் குத்தம் சொன்னியோ? அப்பம் கூசல்லியா?"

ஹரிகுமார் சாயாவுக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை அண்ணாச்சிக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. யாருக்காக டயர் வாங்கினாரோ அவர் இப்படி.

தங்கைதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அத்தான், சாவிய அக்காகிட்ட குடுங்கோ. எனக்கு வீட்டுக்கு உசிரோட போகணும்."

அழகியநம்பி சாவியை எடுத்து நீட்டினார். இடது கையால் நீட்டினார். வலது கை மேலே வரவில்லை.

இறக்கத்தில் பொன்னம்மை ஓட்டினாள். கனம் குறைந்துவிடவில்லை. ஆனால் கனம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். வண்டி உருளும்போது மட்டும் திருப்பினாள். தண்ணீர் தெரிந்த இடத்தில் முன்கூட்டியே வேகத்தைக் கொன்றாள். கை வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று ஓட்டினாள். பின்சீட்டில் அழகியநம்பி இல்லாத பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய சக்கரங்களை இறக்கிக் காரில் திணித்துக்கொண்டு டயர்க்கடைக்குப் போனாள். அகல டயர் வந்த அதே கடை, சிபியுடையது. காரைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சேச்சி, நான் அன்னைக்கே சாரிடம் பறஞ்சதாணு. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, இத்தற அகலம் சேராது, வளைக்கக் கனக்கும், வெள்ளத்துல வழுக்கும்னு. சார் எனக்கு டயரப் பத்தி ஒரு கிளாஸ் எடுத்தாரு."

"கிளாஸக் கேட்டுட்டு டயரயும் வித்துட்டியளே" என்றாள் பொன்னம்மை. சிபி ஜாக்கியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

சக்கரங்களை மாற்றி, கணக்காகக் காற்றும் அடித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இதற்காகத்தான் ஒரு வீடு ஒரு மாதமாகக் கிடந்து வெந்தது. கரமனைக்குப் போகிற வழியில் பொன்னம்மை ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

ரெனி வாசலிலேயே சிரித்த முகத்தோடு நின்றாள்.

"வாங்க அக்கா. வினீத்துகிட்ட இன்னும் ஒண்ணும் பேசல. காலையில ஒங்க வீட்டுக்காரர் மறுபடியும் விளிச்சாரு. கைக்குச் சிகித்சை செஞ்சு எல்லாம் செரியாக்கியாச்சு, நான்தான் கூட நின்னு பாத்துக்கிட்டேன், இனி தைரியமா சோலி குடுக்கலாம்னு சொன்னாரு. பாவம், நல்ல மனுஷன்."

இந்த ஆளால் உண்மையை ஒருநாளும் சொல்ல முடியாது போலிருக்கிறது. தானாக உண்டாக்கிய நோயைத் தானே தீர்த்தும் வைத்துவிட்டார். பேசாமல் விட்டால் வேலை கிடைத்துவிடும். ஆனால் இந்த இடத்தில் அவள் என்றைக்கும் புருஷன் குணப்படுத்திக் கொண்டுவந்து விட்ட பெண்ணாகத்தான் இருப்பாள்.

"ரெனி, அது பொய். எனக்கக் கைக்கு ஒண்ணும் வரவும் இல்ல, யாரும் செரியாக்கவும் இல்ல. இங்கயே டெஸ்ட் போட்டது இருக்கு, எடுத்துப் பாரு. வண்டிக்குச் சேராத டயரு போட்டாரு. நான் இன்னைக்குக் கழட்டிப் போட்டுட்டேன். எனக்குச் சோலி தருதேன்னா இதக் கேட்டுட்டுத் தா."

ரெனி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், கழக்கூட்டத்துக்கான ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தாள். பொன்னம்மை அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"அக்கா," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் ரெனி. "இனி அவரு போன் போட்டு விளிச்சா நான் என்ன சொல்லணும்?"

பொன்னம்மை திரும்பாமலே சொன்னாள்.

"எடுக்கண்டாம்."